தனக்கு இரண்டு போட்டுக்கொண்டவர்

2017 ஜூலை 12, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். மேல்தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. 7.15க்கு மூன்று இட்லி, மிளகாய்ப்பொடி. 7.50க்கு ஆஸ்பத்திரி. ரெக்கார்டு அறையின் இரண்டு ஜன்னல்களையும் திறந்தேன். முந்தின நாள் வீட்டுக்குப் போனவர்களின் கேஸ் ஷீட்டுகளை எண் வரிசையில் அடுக்கினேன். ஒன்றில் டாக்டரின் கையெழுத்து இல்லை, திருப்பி அனுப்பினேன். மதியம் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். 3 மணிக்கு மேற்கே மேகம், மழை இல்லை. 4.40க்கு சர்ஜிக்கல் வார்டு சிஸ்டர் வந்து போனார். 5.30க்கு அறையைப் பூட்டினேன்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். தொட்டி நிரம்பிய நேரம்கூட அதில் இருக்கும். ஆனால் ‘வந்து போனார்’ என்று எழுதிய இடத்தில் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. அதை இப்போது எழுதுகிறேன்.

ஆரணியில் நாற்பது படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி அது. மாடியில் நர்சிங் பள்ளி. கீழே பின்பக்கக் கடைசி அறை என்னுடையது. இன்னமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே தெரு. காலை வேளைகளில் தெருவின் நீளத்துக்கும் தறிக்குப் போகும் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருப்பார்கள். சில நாள் மஞ்சள், சில நாள் அரக்கு. வெயில் ஏறும்போது அந்த நிறம் ஜன்னல் வழியே உள்ளே வந்து கேஸ் ஷீட்டுகளின் விளிம்பில் லேசாகப் படியும். அந்தச் சிஸ்டரை நினைத்தால் முதலில் அந்த நிறம்தான் வருகிறது. அவருடைய முகம் அதற்குப் பிறகு, தண்ணீருக்கு அடியில் இருப்பதைப்போல, மெதுவாகத்தான் வருகிறது. மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் எடுத்துக்கொள்ளும் சிறிய இடைவெளி மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

பழகிய முதல் வாரத்தில் ஒருநாள், பேச்சுக்காக, “போளூர்ல நல்ல மழையாம் சிஸ்டர்” என்றேன்.

“பார்த்தீங்களா சார்?”

“இல்ல, மச்சான் போன்ல சொன்னான்.”

“அவர் பார்த்தாராமா?”

“அவன் கண்ணமங்கலத்துல இருக்கான்.”

“அப்ப இது கேட்டதைக் கேட்டது” என்றார். சிரிக்கவே இல்லை.

அவருக்கு உலகத்தில் உள்ள சேதிகள் எல்லாம் மூன்றே குவியல்: பார்த்தது, படித்தது, கேட்டது. எதை யார் சொன்னாலும் எந்தக் குவியலில் வைப்பது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மேலே பேசுவார். குறை சொல்வதற்காகக் கேட்கமாட்டார். காய்கறிக்காரர் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல, கை தானாகச் செய்கிற காரியம் அது.

வார்டில் வேலை செய்த உதவியாளர் அக்கா ஒருவர் என்னிடம் வந்து முறையிடுவார். “இந்த சிஸ்டரோட ஒரே பேஜாரா போச்சு சார். ‘பேஷண்ட் தூங்கிகினு இருக்காரு’ன்னு சொன்னா, ‘தூங்கறாரா, கண்ண மூடிகினு இருக்காரா?’ன்றாங்க. நான் போய் அவரை எழுப்பியா கேக்க முடியும்?”

“எழுப்புனீங்களா?”

“எழுப்புனேன். கண்ண மூடிகினுதான் இருந்திருக்காரு. வலின்னு சொன்னாரு.”

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியின் வயிற்று முடியைப் பிளேடால் மழிப்பது அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கம். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், அதன் வழியே கிருமி போகும், முடியை வெட்டினால் போதும், மழிக்க வேண்டாம் என்று அவர் எங்கோ படித்திருந்தார். படித்ததோடு விடவில்லை. டூட்டி முடிந்து என் அறைக்கு வந்து, பழைய கேஸ் ஷீட்டுகளைக் கேட்டார். எத்தனை பேருக்குத் தையலில் சீழ் வைத்தது என்று கணக்கு எடுக்கப் போகிறாராம். மூன்று வாரம், தினமும் ஒரு மணி நேரம், ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினார். மாலை வெயில் அவர் மடியில் இருந்த காகிதங்களில் விழுந்து, பிறகு தரைக்கு இறங்கி, பிறகு காணாமல் போகும். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பின்தெருவில் தறிகளின் சத்தம் இருந்தது. அது நின்றால்தான் இருந்தது என்றே தெரியும்.

மூன்றாவது வாரக் கடைசியில் கடைசிக் கேஸ் ஷீட்டை மூடிவிட்டு, “இதுல ஒண்ணும் தெரியல சார்” என்றார்.

“இதுக்கா மூணு வாரம் உக்காந்தீங்க?”

“உக்காந்ததாலதான் தெரியலன்னு தெரிஞ்சுது.”

நானாக இருந்தால் அந்த எண்களிலிருந்து ஏதாவது ஒன்றைப் பிழிந்து எடுத்திருப்பேன். அவர் நேரே சர்ஜனிடம் போய், “நம்ம கேஸ் கொஞ்சம் சார். அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஆனா பல ஊர் ஆஸ்பத்திரிங்க சேர்ந்து பார்த்ததைப் படிச்சேன். அதை நம்பலாம்னு தோணுது” என்று சொல்லியிருக்கிறார். சர்ஜன் நல்ல மனிதர். முடி வெட்டும் மெஷின் ஒன்று வந்தது. முதல் மாதம் ஒரு தையலிலும் சீழ் இல்லை. “பார்த்தியாம்மா, நீ சொன்ன மாதிரியே!” என்று சர்ஜன் வராந்தாவில் வைத்தே சந்தோஷப்பட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

சிஸ்டர் அந்தச் சிறிய இடைவெளியை எடுத்துக்கொண்டார். “போன வருஷம் மார்ச்லயும் ஒண்ணும் வரல சார். அப்ப பிளேடுதான்.”

“ஜெயிச்சாலும் ஜெயிச்சேன்னு சொல்லமாட்டியாம்மா நீ!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனார் டாக்டர். எனக்கு அன்று இந்தச் சிஸ்டரிடம் லேசான பயமே வந்தது.

ஆனால் அவர் தறிக்குழியில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பயம் இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் நெசவாளி ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. மறுபடி எப்போது தறியில் உட்காரலாம் என்று அவர் கேட்டதற்கு, வார்டில் எல்லாரும் “மூணு மாசம்” என்றார்கள். யார் சொன்னது என்று சிஸ்டர் விசாரித்தார். “எப்பவும் அப்படித்தான் சொல்றது” என்றார்கள். எத்தனை கிலோ தூக்கலாம் என்பதற்குப் புத்தகம் இருந்தது. தறியின் மிதியைக் காலால் அழுத்தினால் அடிவயிறு எவ்வளவு இழுக்கும் என்று அவர் தேடியவரையில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் லீவு நாளில் நெசவாளியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

நெசவாளியின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டார். “இன்னா சிஸ்டர், நீங்களா எறங்கப் போறீங்க? ஒரு இழை அறுந்தாலும் இவரு என்னைத்தான் திட்டுவாரு!”

“மிதி மட்டும்தான் அக்கா. நூல் ஓட்டற நாடாவைத் தொடமாட்டேன்.”

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தறிக்குக் கீழே மிதிகள் இருக்கும் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். இடது கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு மிதியை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து ஒரு துண்டு வெளிச்சம் பச்சைப் பட்டின்மேல் விழுந்து, பாவு ஏறி இறங்கும்போதெல்லாம் குளத்தில் அசைவதுபோல் அசைந்தது. எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க மறந்துபோனேன். நான் அப்படி மறப்பவன் அல்ல.

எழுந்து வெளியே வந்ததும் சொன்னார்: “மிதிக்கும்போது வயிறு அவ்வளவா இழுக்கல. குழியில இருந்து எந்திரிக்கும்போதுதான் இழுக்குது.”

“ஆமா சிஸ்டர்! எனக்கும் அப்பதான் சுருக்குன்னுச்சு” என்றார் நெசவாளி.

மனைவி திரும்பினார். “அப்ப நீ எறங்கியிருக்க! நான் கோயிலுக்குப் போயிருந்தப்பவா?”

நெசவாளி கூரையைப் பார்த்தார். “எந்திரிக்கறதுதான் தப்புன்னா, எந்திரிக்காம உக்காந்துகினே இருக்கட்டுமா சிஸ்டர்?”

“சோறும் அங்கயே போடறேன், இரு” என்றார் மனைவி.

சிஸ்டர் நெசவாளியின் முன்னால் குனிந்து உட்கார்ந்து சொன்னார்: “இப்ப நான் பார்த்தது என் வயிறு. உங்க வயித்துல தையல் இருக்கு. டாக்டர்ட்ட சொல்றேன். அவர் சொல்றவரைக்கும் எறங்காதீங்க, சரியா?” சர்ஜன் கேட்டுவிட்டு, ஆறாவது வாரத்துக்குப் பிறகு அரை நாள் உட்காரலாம், குழியோரம் ஒரு கட்டை போட்டு அதில் கையூன்றி எழ வேண்டும் என்றார். அந்தக் கட்டை அந்த வீட்டில் இன்னும் கிடக்கிறது.

சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் கடைசிவரை வார்டு இன்சார்ஜ் ஆகவில்லை. 2018 கோடையில் மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் வேறு ஊருக்கு மாறிப் போனார். வார்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாராம். அன்று நான் பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன்.

2017 ஜூன் கடைசியில் வெளியூர் நர்சிங் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு குழு வந்தது. ‘எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்பதை விட்டு, ஆய்வில் தேறிய சான்றைத் தேடி, எடைபோட்டு, நோயாளிக்குப் பொருத்திச் செய்யும் திறமை நர்சுகளிடமும் மாணவிகளிடமும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள். இருபது வரிகள். ஒவ்வொரு வரிக்கும் தனக்குத்தானே ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். குழுவின் தலைவி, “இது ஆளை எடைபோட இல்லை, நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள” என்று இரண்டு முறை சொன்னார். அவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் எங்கள் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. சர்ஜிக்கல் வார்டு இன்சார்ஜ் ஓய்வு பெறப் போகிறார். இந்தத் தாளில் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்களை அந்தப் பதவிக்குப் பார்க்கப்போவதில்லை. தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது.

எல்லாத் தாளிலும் ஐந்து ஐந்தாக இருந்தது. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி, ‘ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுக்கத் தெரியும்’ என்ற வரிக்கு ஐந்து போட்டிருந்தாள். தாளைக் கொடுக்க வந்தபோது, “எங்கம்மா தேடுவ?” என்று கேட்டேன்.

“சீனியர் அக்காகிட்ட கேப்பேன் சார்.”

சிஸ்டரின் தாளில் பதினேழு இரண்டு, இரண்டு ஒன்று, ஒரே ஒரு மூன்று. கூட்டினால் முப்பத்தொன்பது. மூன்று போட்டிருந்த வரி: ‘எனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்வேன்.’

“இதைக் கொஞ்சம் மறுபடி பாருங்க சிஸ்டர்” என்று தாளை அவர் பக்கம் திருப்பினேன். “‘நோயாளிக்குத் தக்கபடி பயன்படுத்தத் தெரியும்.’ இதுக்கு ரெண்டா? தறிக்குழியில எறங்குனது யாரு?”

“ஒரு தறிதானே சார் பார்த்தேன்.”

“மத்தவங்க எல்லாம் அஞ்சு போட்டிருக்காங்க.”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியாது. நான் பார்த்துகினுதானே இருக்கேன். உங்களுக்குத் தெரியும்ங்கிறதையும் பார்த்தேன்.”

“நீங்க பார்த்ததுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லையே சார்.”

“இன்சார்ஜ் ஆக ஆசை இல்லையா உங்களுக்கு?”

இந்த முறை இடைவெளி நீளமாக இருந்தது. இன்சார்ஜுக்கு இரவு டூட்டி கிடையாது. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. அவர் இரவு டூட்டி போகும் நாட்களில் அந்தப் பெண் வீட்டில் தனியாக இருந்தாள். “ஆசை இருக்கு சார்” என்றார். “அது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு அஞ்சு போடுவேன்.” சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 4, செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு அவருடைய தாளை ஏற்றினேன். இரண்டு என்று இருந்த வரிகளில் பன்னிரண்டை மூன்று என்று அடித்தேன். ஐம்பத்தொன்று வந்தது. அதற்குமேல் ஒரு மார்க்கூடக் கூட்டவில்லை. அவர் கையால் எழுதிய தாளில் பேனாவை வைக்க மனம் வரவில்லை. அதை அப்படியே மற்ற தாள்களின் கட்டோடு சேர்த்துவிட்டேன். எண்ணை மாற்றியது உதவி என்றுதான் நினைத்தேன். அவரை நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தாள் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றைய நாட்குறிப்பில் ‘மார்க் ஏற்றும் வேலை முடிந்தது’ என்று மட்டும் இருக்கிறது.

ஜூலை 12 காலை பதினொரு மணிக்கு மார்க் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். பகல் பன்னிரண்டுக்கு அவர் மேட்ரனிடம் போய், “என் மார்க் முப்பத்தொன்பது மேடம், தப்பா இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். மேட்ரன் தாள்களின் கட்டைப் பிரித்து அவருடைய தாளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு எண் மாறியிருந்தால் கை தவறியது என்று சொல்லலாம். பன்னிரண்டும் மேல்நோக்கியே தவறுமா?

மாலை 4.40க்கு அவர் என் அறைக்கு வந்தார். வழக்கமான ஸ்டூலில் உட்காரவில்லை. வெளியே மேகம் கவிந்து, அறைக்குள் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது.

“மேடம் என்னைத்தான் சந்தேகப்படறாங்க சார். நான் சொல்லி ஏத்திட்டு, அப்புறம் பயந்துபோய் வந்து சொல்றேனாம். நாளைக்கு ஒம்போது மணிக்கு நிர்வாகத்து முன்னாடி கேப்பாங்க. சரியா பதில் வரலன்னா என் ஃபைல்ல எழுதி, வார்டுல இருந்து எடுத்துடுவாங்க. ஸ்டாஃப் ரூம்ல இப்பவே பேசிகினு இருக்காங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யார் மாத்தினாங்கன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்.”

“என்மேல சந்தேகம்னு சொல்லலியா?”

“பார்க்கலையே சார்.”

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். ஊசி போடும்போது நோயாளியை அசையாதே என்று நிறுத்துகிற அதே கை.

“சொல்லாதீங்க சார். சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாளைக்கு ஒம்போது மணிக்குச் சொல்லிடுவேன். என்னால சொல்லாம இருக்க முடியாது.”

அவ்வளவு காலம் எதையும் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்காமல் விடாதவர், அன்று என் எதிரில் நின்று, தெரிந்துகொள்ள மாட்டேன் என்றார். தன் நல்ல பெயர் போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். என் வேலை போகக் கூடாது என்றுதான் அந்தக் கையை உயர்த்தினார். வெளியே, அன்று மாலைவரை நீட்டியிருந்த பட்டுப் பாவை யாரோ சுருட்டிக்கொண்டு போனார்கள். தெரு சட்டென்று நிறமில்லாமல் ஆயிற்று. “பொண்ணு டியூஷன்ல இருந்து வந்துடுவா சார்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, என் அறைக்குப் போகாமல் நேரே மேட்ரனின் அறைக்குப் போனேன். மணி 7.35. அவர் அப்போதுதான் கைப்பையை மேஜைமேல் வைத்தார்.

“பன்னெண்டு எண்ணையும் மாத்தினது நான், மேடம். ஜூலை நாலு, சாயந்திரம் மூணரைக்கு. சிஸ்டர் என்னைக் கேக்கவும் இல்ல, அவங்களுக்கு இது இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.”

மேட்ரன் கைப்பையை ஓரமாக நகர்த்தினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, எழுதிக் கொடுக்கச் சொன்னார். நின்றபடியே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.